நட்சத்திர முகமில்லாத சுவரொட்டிகள்: போலந்தில் ஐந்து நாள்

முதல் நாள் – வார்சா

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் வழியெல்லாம் பேருந்து நிறுத்தங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்த திரைப்பட விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் ஊரில் ஏற்கெனவே பார்த்திராத விளம்பரம் ஒன்றுகூட அவற்றில் இல்லை. முகங்களும் அவையே, நீலமும் ஆரஞ்சும் கலந்த வெளிச்சமும் அதுவே, படத்தின் பெயர் மட்டும் போலிஷ் மொழியில் இருந்தது. நான் தேடி வந்தது இந்த நகரத்தின் சுவர்களில் இல்லை என்பது முதல் அரை மணி நேரத்திலேயே விளங்கிவிட்டது. அது இப்போது அருங்காட்சியகங்களிலும், பழைய சுவரொட்டி விற்கும் சில கடைகளின் இழுப்பறைகளிலும்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1980களின் இறுதிவரை, போலந்துக்கு வந்த வெளிநாட்டுப் படங்களின் மூல விளம்பரங்களை அந்நாடு பெரும்பாலும் ஒட்டவில்லை. ஹிட்ச்காக் படமானாலும் பிரெஞ்சு நகைச்சுவையானாலும், போலந்து ஓவியர் ஒருவர் அதற்கென்று புதிதாக ஒரு சுவரொட்டி வரைந்தார். அந்தச் சுவரொட்டியில் கதாநாயகன் முகம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல சமயங்களில் மனித முகமே இருக்காது. நாயகனின் முகத்தைப் பத்தடி உயரத்துக்கு வரைந்து வைத்தால்தான் படம் வந்திருக்கிறது என்று நம்பும் ஊரில் வளர்ந்த எனக்கு, முதன்முதலில் இவற்றை ஒரு நூலகத்துப் படத்தொகுப்பில் பார்த்தபோது, இதை வைத்துக்கொண்டு எப்படிக் கூட்டம் சேர்த்தார்கள் என்ற கேள்விதான் எழுந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்தப் பயணம்.

மாலையில் பழைய நகரச் சதுக்கத்துக்கு நடந்தேன். பதினேழாம் நூற்றாண்டு வீடுகள் போலத் தோன்றும் இவை அனைத்தும் போருக்குப் பின் இடிபாடுகளிலிருந்து மீண்டும் கட்டியெழுப்பப்பட்டவை. 1944 எழுச்சியை அடக்கிய ஜெர்மானியப் படை நகரத்தைத் திட்டமிட்டுத் தகர்த்தது. கட்டுமான வேலை நடந்த ஆண்டுகளில் வார்சா முழுவதும் மரப்பலகை வேலிகளாக இருந்தது. சுவரொட்டிக் கலை வேர்விட்டது அந்த வேலிகளின் மீதுதான். சாம்பல் நிறச் செங்கல் குவியலுக்கு முன்னால் சிவப்பிலும் மஞ்சளிலும் ஒரு தாள் ஒட்டப்பட்டால் அது எவ்வளவு தூரத்திலிருந்து கண்ணில் பட்டிருக்கும் என்பதை, இன்று வண்ணம் பூசி நிற்கும் இந்த வீடுகளுக்கு நடுவே நின்றுகொண்டு கற்பனை செய்வது கொஞ்சம் கடினமாகத்தான் இருந்தது.

போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியில் திரைப்படத் தொழில் அரசுடைமையானது. ஃபிலிம் போல்ஸ்கி என்ற அரசு நிறுவனம் சுவரொட்டிகளுக்காக ஹென்ரிக் டோமாஷெவ்ஸ்கி, எரிக் லிபின்ஸ்கி, டடேயுஷ் ட்ரெப்கோவ்ஸ்கி போன்ற ஓவியர்களை அணுகியது. சினிமா விளம்பரம் அக்காலத்தில் மதிப்பான ஓவியர் தொடும் வேலை அல்ல. எங்கள் வழியில் வரைய விட்டால் செய்கிறோம் என்று அவர்கள் நிபந்தனை வைத்தார்கள். நிறுவனமும் ஒப்புக்கொண்டது. 1948-இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுச் சுவரொட்டிக் கண்காட்சியில் டோமாஷெவ்ஸ்கி ஐந்து முதல் பரிசுகளைப் பெற்றார். ‘சிட்டிசன் கேன்’ படத்துக்கு அவர் சுவரொட்டி வரைந்ததும் அதே ஆண்டில்தான்.

இரண்டாம் நாள் – விலானூஃப்

காலையில் 180-ஆம் எண் பேருந்தில் ஏறினேன். அரச வீதி என்று அழைக்கப்படும் பழைய சாலை வழியாகத் தெற்கே இறங்கி, விலானூஃப் அரண்மனை வாசலில் விட்டது. மூன்றாம் யான் சோபியெஸ்கி மன்னர் 1677-இல் கட்டத் தொடங்கிய அரண்மனை. வந்தவர்கள் பெரும்பாலும் நேராகத் தோட்டத்துக்குப் போனார்கள். நான் வாசலுக்குப் பக்கத்திலேயே, ஒரு காலத்தில் அரண்மனையின் குதிரைப் பயிற்சிக் கூடமாக இருந்த கட்டடத்துக்குத் திரும்பினேன். பாதை முழுக்கக் குதிரைக் கஷ்கொட்டைகள் உதிர்ந்து கிடந்தன. ஒரு சிறுமி இரண்டு கோட்டுப் பைகளையும் அவற்றால் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

இந்தக் கட்டடத்தில்தான் 1968 ஜூன் 4 அன்று உலகின் முதல் சுவரொட்டி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இது வார்சா தேசிய அருங்காட்சியகத்தின் கிளை. இதற்கு இரண்டாண்டு முன்பே, 1966-இல், ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் பன்னாட்டுச் சுவரொட்டிக் கண்காட்சி வார்சாவில் தொடங்கியிருந்தது. இங்கே பல பத்தாயிரம் சுவரொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் எந்த நாளிலும் சுவரில் காணக் கிடைப்பது மிகச் சிறு பகுதிதான், ஏனென்றால் தெருவில் இரண்டு வாரம் வாழ்வதற்காக அச்சான மலிவுத் தாள் வெளிச்சத்தை நீண்ட காலம் தாங்காது. மழையிலும் வெயிலிலும் கிழிய வேண்டியதை இன்று இருட்டில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

ஃப்ரான்சிஷெக் ஸ்டாரோவியெஸ்கியின் சுவரொட்டிகளைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அவர் பரோக் காலத்து எழுத்தழகில் கையெழுத்திட்டு, ஆண்டை வேண்டுமென்றே முந்நூறு வருடம் பின்தள்ளிப் போடுவார். 1975-இல் வரைந்ததற்கு 1675 என்று தேதி இருக்கும். எலும்பும் சதையும் பறவை அலகும் ஒன்றோடொன்று பிணைந்த உருவங்கள், இறகுப் பேனாவால் எழுதியது போன்ற வளைந்த எழுத்துகள். இந்தப் பொய்த் தேதியை ஒரு கோமாளித்தனம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அந்தத் தேதிகள் எந்த மன்னரின் காலத்தில் விழுகின்றனவோ, அவருடைய அரண்மனை வாசலில் நிற்கும்போது அது இன்னும் பெரிய குறும்பாகத் தெரிந்தது. 1970களின் போலந்தில் வாழ விருப்பமில்லாத ஒருவர், அதை எவரும் தண்டிக்க முடியாத வகையில் சொல்லிவிட்டார் என்றும் கொள்ளலாம். ஆனால் இப்படிப் படிப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற நாம் இந்தச் சுவரொட்டிகள் ஒவ்வொன்றிலும் அரசுக்கு எதிரான ரகசியச் செய்தியைத் தேடுகிறோம். பலவற்றில் அப்படி எதுவும் இல்லை, வெறும் ஓவியக் களிப்புதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் – வார்சா, இழுப்பறைகளின் கடை

காலையில் மிசியா தெருவுக்குப் போனேன். பெயருக்குப் பொருள் எலித் தெரு. பத்திரிகை, நூல், மேடை ஆகியவற்றைக் கட்டுப்படுத்திய தணிக்கைத் தலைமை அலுவலகம் இந்தத் தெருவில்தான் இயங்கியது. அச்சேறும் எந்தச் சுவரொட்டியும் தணிக்கையைத் தாண்டித்தான் வெளியே வர முடிந்தது. 1990-இல் அந்த அலுவலகம் கலைக்கப்பட்டது. இப்போது தெருவில் கடைகளும் காபி மணமும்தான். பத்து நிமிடத்துக்கு மேல் அங்கே பார்க்க எதுவுமில்லை.

அங்கிருந்து பழைய சுவரொட்டி விற்கும் ஒரு சிறிய கடைக்குப் போனேன். சுவர் முழுக்கப் பெரிய மரப் பெட்டகங்கள், ஒவ்வொன்றிலும் உயரம் குறைந்த அகன்ற இழுப்பறைகள். கடைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். நான் இந்தியாவிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னதும் நாற்காலியைக் காட்டி, “உட்காருங்கள், அவசரப்பட்டுப் பார்ப்பதற்கில்லை” என்றார். என்னிடம் பருத்திக் கையுறைகளைக் கொடுத்த பிறகுதான் முதல் இழுப்பறையைத் திறந்தார்.

தாளை நேரில் தொட்டுப் பார்க்கும்போதுதான் அச்சுப் பிரதிகளில் தெரியாதது தெரிகிறது. சுமார் 58-க்கு 83 சென்டிமீட்டர் அளவு, மெல்லிய தாள், நாளிதழுக்குக் கொஞ்சம் மேலான தடிப்பு. நான்காக மடித்த கோடுகள் தெரிகின்றன, திரையரங்குகளுக்கு மடித்தே அனுப்பியிருக்கிறார்கள். மடிப்பின் மேல் மை உதிர்ந்து வெள்ளைத் தாள் எட்டிப் பார்க்கிறது. எழுத்துகள் பெரும்பாலும் அச்சுக்கோத்தவை அல்ல. தூரிகையால் எழுதியவை, கத்தரியால் வெட்டி ஒட்டியவை. நல்ல எழுத்துருக்கள் கிடைப்பதே அரிதாக இருந்த நாட்டில் ஓவியர் தலைப்பையும் தானே வரைந்தார். அதனால் தலைப்பும் படமும் ஒரே கையிலிருந்து பிறந்தவையாக இருக்கின்றன. தட்டுப்பாடு பாணியாக மாறியது என்று இதைச் சொல்லலாம், ஆனால் அந்தத் தட்டுப்பாட்டை அனுபவித்த பெரியவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு அதை வியந்து பேச எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஓவியர் ரோமன் செஷ்லேவிச் 1963-இல் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வுக்குச் செய்ததைப் பெரியவர் வெளியே எடுத்தார். அசல் இல்லை, மறு அச்சு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒரு மண்டையோடு, நெற்றியில் வளையத்துக்குள் வளையமாகச் சுழலும் கோடுகள். படத்தில் வரும் நடிகரும் இல்லை, நடிகையும் இல்லை, மணிக்கூண்டும் இல்லை. போலிஷில் படத்துக்கு வைத்த பெயரைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘தலையின் சுழற்சி’. நம்முடைய ‘தலைச்சுற்றல்’ அப்படியே அங்கே இருக்கிறது. பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் கண்முன் என்ன வருமோ அதைத்தான் செஷ்லேவிச் வரைந்திருக்கிறார். உயரத்தைக் கண்டு அஞ்சும் மனிதனின் கதை, இறந்தவளைத் திரும்பக் கொண்டுவர நினைப்பவனின் கதை, இரண்டும் அந்த ஒரே மண்டையோட்டில் அடங்கிவிடுகின்றன. படம் பார்க்காதவனுக்கு அது அச்சமூட்டும், பார்த்தவனுக்கு அது விளங்கும்.

அடுத்ததாக ‘தி பேர்ட்ஸ்’ படத்துக்கு ப்ரோனிஸ்வாஃப் ஸெலெக் 1965-இல் செய்தது. பறவைகள் என்று பொருள்படும் ‘ப்தாக்கி’ என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, சொல்லே கூட்டமாகப் பறந்து தாளை நிறைக்கிறது. கீழே சிறகு முளைத்த மண்டையோடு. ஸெலெக் எழுத்துரு வடிவமைத்தவர், அவர் பெயரிலேயே ஓர் எழுத்துருவும் உண்டு. எழுத்தைப் பறவையாகப் பறக்கவிட எழுத்தின் எடை தெரிந்தவரால்தான் முடியும். வால்டெமர் ஷ்வியெஜி 1973-இல் ‘மிட்நைட் கௌபாய்’க்கு வரைந்ததில் தொப்பிக்குக் கீழே முகமே இல்லை, வெறும் வெளுப்பு, அதில் சிவந்த உதடுகள் மட்டும். அதே ஆண்டு ‘கேபரே’ படத்துக்கு விக்டோர் கூர்கா நாட்டியக்காரிகளின் காலுறை அணிந்த நான்கு கால்களை வளைத்து நாஜிச் சின்னமாக்கினார். கேளிக்கை விடுதிக்குள் பாசிசம் நுழைவதைச் சொல்ல அப்படத்துக்கு இரண்டு மணி நேரம் தேவைப்பட்டது.

என் கேள்வியைப் பெரியவரிடம் கேட்டேன்: இதை வைத்து எப்படி டிக்கெட் விற்றார்கள்? அவர் சிரித்தார். “யார் விற்றார்கள்? ஊருக்கு வரும் அமெரிக்கப் படம் வருடத்துக்கு எத்தனை? வந்தால் வரிசை தெருமுனை வரை நிற்கும். சுவரொட்டியில் வெறும் வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தாலும் அரங்கு நிறைந்திருக்கும்.”

இதை அவர் சொன்ன விதம்தான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் விடை. படங்களை வாங்குவதும் வினியோகிப்பதும் அரசின் ஏகபோகம். போட்டி வினியோகஸ்தர் இல்லை, முதல் வார வசூல் பயம் இல்லை, தன் முகம் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய நடிகரும் இல்லை. ஓவியருக்குக் கிடைத்த சுதந்திரம் கலையை நேசித்த ஓர் அரசு மனமுவந்து கொடுத்தது என்று சொல்வது முழு உண்மையாகாது. அந்தத் தாள் எதையும் விற்க வேண்டிய தேவை இல்லாததால் ஓர் இடைவெளி உண்டானது, அந்த இடைவெளிக்குள் ஓவியர்கள் புகுந்து தங்களுக்கு வேண்டியதைச் செய்துகொண்டார்கள். அந்த இடைவெளியும் எப்போதும் ஒரே அகலத்தில் இருந்ததில்லை. 1949-ஐ ஒட்டிச் சோஷலிச யதார்த்தவாதம், அதாவது கட்சிக் கொள்கையைப் போற்றும் கலைப்பாணி, கட்டாயமானபோது அது சுருங்கியது, 1956-இன் அரசியல் தளர்வுக்குப் பின் மீண்டும் விரிந்தது. ‘போலந்துச் சுவரொட்டிப் பள்ளி’ என்று உலகம் கொண்டாடுகிற பணிகளில் பெரும்பகுதி அந்தத் தளர்வுக்குப் பிறகு வந்தவை.

கடையிலிருந்து கிளம்பும் முன் பெரியவர் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த ஒன்றைக் காட்டினார். அது விற்பனைக்கு இல்லை. ‘ஹை நூன்’ என்ற அமெரிக்க கௌபாய் படத்தின் நாயகன் காரி கூப்பர் நடந்து வருகிறார். வலக்கையில் துப்பாக்கி இல்லை, வாக்குச்சீட்டு இருக்கிறது. பின்னால் சிவப்பில், தொழிற்சங்கமாகத் தொடங்கி ஆட்சியை எதிர்த்த சாலிடாரிட்டி இயக்கத்தின் பெயர். மார்பில் ஷெரீஃப் நட்சத்திரத்துக்கு மேலே அதே சின்னம். 1989 ஜூன் 4 தேர்தலுக்காக டோமாஷ் சார்நெட்ஸ்கி என்ற கலை மாணவர் செய்தது. வெளிநாட்டுப் படத்தின் நாயகனை அவன் முகத்தோடும் உடலோடும் அப்படியே எடுத்தாண்ட இந்த ஒரு சுவரொட்டிதான் அந்நாட்டில் எல்லாவற்றையும்விட அதிக அரசியல் செய்தது. அந்தத் தேர்தலின் முடிவில் மேலவையின் 100 இடங்களில் 99 சாலிடாரிட்டி பக்கம் போயின. விலானூஃப் அருங்காட்சியகம் திறந்த அதே ஜூன் 4, இருபத்தோரு ஆண்டுகள் கழித்து. தற்செயல்தான், என்றாலும் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறேன்.

நான்காம் நாள் – வூட்ஜ்

வார்சாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள், நகரச் சின்னத்திலும் படகுதான் இருக்கிறது. ஆனால் சொல்லிக்கொள்ளும்படி ஆறு ஏதும் கண்ணில் படவில்லை. துணி ஆலைகளால் வளர்ந்த நகரம் இது. ஆலை முதலாளி கரோல் ஷைப்ளரின் மாளிகை இப்போது திரைப்பட அருங்காட்சியகம். செதுக்கு வேலைப்பாடுள்ள மரச் சுவர்களுக்கும் அலங்காரக் கணப்புகளுக்கும் நடுவே படப்பிடிப்புக் கருவிகளைப் பார்த்துக்கொண்டு போனேன். பலர் வட்டமாக உட்கார்ந்து கண்ணாடித் துளை வழியே முப்பரிமாணப் படம் பார்க்கும் பழைய மரக் கருவி ஒன்றில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம், சுவரொட்டி வரைந்தவர்களில் சிலர் சினிமாவும் எடுத்தவர்கள் என்பதுதான். யான் லெனிட்சாவும் வலேரியான் பொரோவ்சிக்கும் சுவரொட்டி ஓவியர்களாக இருந்துகொண்டே அசைவூட்டப் படங்கள் செய்தார்கள். இருவரும் சேர்ந்து எடுத்த ‘டோம்’ 1958-இல் பிரஸ்ஸல்ஸ் சோதனைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. வெட்டிய காகிதம், ஒட்டிய புகைப்படம், கனத்த கோடு ஆகிய மூன்றையும் அவர்கள் தாளிலும் திரையிலும் ஒரே மாதிரி பயன்படுத்தினார்கள். படம் எப்படி இயங்குகிறது என்பதை உள்ளிருந்து அறிந்தவர்கள், அதன் ஒரு காட்சியைப் பிய்த்துச் சுவரில் ஒட்டுவதோடு நிறைவடையாதது இயல்புதான்.

மாலையில் பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் நடந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அன்று எழுத வேறொன்றுமில்லை.

ஐந்தாம் நாள் – கிராகூஃப்

ஸ்டோலார்ஸ்கா என்றால் தச்சர் தெரு. பிரதான சதுக்கத்துக்குப் பின்னால், தூதரகக் கொடிகளும் சுவரொட்டிக் கடையும் உள்ள தெரு. இன்று 1980களின் பணிகளை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன், ஏனென்றால் புகழ்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் 1960களோடு நின்றுவிடுகிறார்கள்.

பிந்தைய தலைமுறையின் கையில் உருவம் இன்னும் வன்மையாகிறது, சில சமயம் அளவு மீறுகிறது. விதோல்ட் டிபோவ்ஸ்கி 1984-இல் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை’க்குச் செய்ததில் டார்த் வேடரின் கறுப்புத் தலைக்கவசம் வெடித்துச் சிதறுகிறது. விண்கலமும் இல்லை, ஒளிவாளும் இல்லை. படத்தின் முடிவையே சுவரில் ஒட்டியிருக்கிறாரே என்று தோன்றியது. போலந்தில் தலைப்பு வைப்பவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். ‘ஏலியன்’ படத்துக்கு அங்கே ‘அந்நியன்: நாஸ்ட்ரோமோவின் எட்டாவது பயணி’ என்று பெயர், 1980-இல் அதன் சுவரொட்டியை யாகுப் எரோல் செய்தார். நாஸ்ட்ரோமோ விண்கலத்தில் ஏழு பேர் என்று எண்ணிப் பார்க்கிற ரசிகனுக்குக் கதையின் பாதி வாசலிலேயே கிடைத்துவிடும்.

நேர்மையாகச் சொன்னால், மோசமானவையும் ஏராளமாக இருந்தன. எந்தப் படமாக இருந்தாலும் ஒரு தலையைப் பிளந்து உள்ளிருந்து எதையாவது வெளியே எடுப்பது ஒரு கட்டத்தில் வாய்ப்பாடாகிவிட்டது. மெல்லிய காதல் படத்துக்கும் அறுந்த நரம்புகள். பத்து இழுப்பறைகளைத் தொடர்ந்து பார்த்தால் சலிப்பு வருகிறது. ஓவியருக்குத் தன் பாணி படத்தைவிடப் பெரிதாகிவிட்ட இடங்கள் அவை. விற்க வேண்டாத தாள் தந்த சுதந்திரத்துக்கு இதுவும் ஒரு பக்கம்.

1989-க்குப் பிறகு வினியோகம் தனியார் கைக்குப் போனது, அமெரிக்க நிறுவனங்களின் ஆயத்த விளம்பரங்கள் படச்சுருளோடு கூடவே வந்து இறங்கின. ஓவியர்கள் நாடகத்துக்கும் இசை விழாக்களுக்கும் நகர்ந்தார்கள், இன்றும் அங்கே வரைகிறார்கள். பழைய சினிமாச் சுவரொட்டிகள் சேகரிப்பாளர்களின் பொருளாகிவிட்டன. நேற்றிரவு இணையத்தில் நான் ‘அசல்’ என்று நம்பி விலை பேசியிருந்த ஒன்று, இங்கே அதே தாளைத் தொட்டுப் பார்த்ததும் அண்மைக்கால மறு அச்சு என்று புரிந்தது. அசலின் தாள் பழுத்து மஞ்சளாகியிருக்கிறது. படத்தில் காட்டப்பட்ட தாளோ பால் வெள்ளையாகப் பளபளத்தது. நல்லவேளை, பணம் அனுப்பியிருக்கவில்லை.

எனக்கு வாங்கக்கூடிய விலையில் கிடைத்தது ஒன்றே ஒன்று. 1960களில் போலந்துக்கு வந்த ஒரு பிரெஞ்சுத் துப்பறியும் படம், நான் பார்த்ததில்லை. கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு கையுறை, அதன் ஐந்து விரல்களும் ஐந்து திசையில். மற்றவற்றைவிட இது ஏன் இவ்வளவு மலிவு என்று கடையில் இருந்த இளம்பெண்ணிடம் கேட்டேன். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்புறம் முழுக்கப் பசை காய்ந்து பொருக்காகியிருந்தது, அதில் அங்கங்கே செங்கல் நிறத்தில் சுண்ணாம்புத் துணுக்குகள். இழுப்பறைகளில் நான் இதுவரை பார்த்தவை எல்லாம் சுவரைத் தொடாமல் கிடங்கில் மிஞ்சியவை, அதனால்தான் விலை. இது மட்டும் எங்கோ ஒரு சுவரில் ஒட்டப்பட்டு, யாரோ ஒருவரால் பொறுமையாக உரித்தெடுக்கப்பட்டிருக்கிறது. இடது மூலையில் ஒரு கைப்பிடி அளவு தாள் கிழிந்து அந்தச் சுவரிலேயே தங்கிவிட்டது.

அதையே வாங்கிக்கொண்டேன். “பசையைத் தண்ணீர் வைத்துத் துடைத்துவிடாதீர்கள், மையும் கூடவே வந்துவிடும்” என்று அவர் இரண்டு முறை சொன்னார். அட்டைக் குழாய்க்குள் சுருட்டி வைத்தபோது பின்புறத்துச் சுண்ணாம்பு கொஞ்சம் மேசைமேல் உதிர்ந்தது. அவர் அதை உள்ளங்கையால் கூட்டியெடுத்து, தயங்கி, குழாய்க்குள்ளேயே போட்டு மூடியை அழுத்தினார்.